நல்லா இருக்கேன், தேங்க் யூ

வயிற்றில் கேஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டான் டாக்டர். கேஸ், இல்லாவிட்டால் மாதாமாதம் வருகிற வலி, இரண்டில் ஒன்று, இந்த மாத்திரையைப் போடுங்க, வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க, நெக்ஸ்ட். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. பொன்மலையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது இந்த மூன்று நிமிஷத்துக்கு. மாதாமாதம் வருவது பதினெட்டு நாளைக்கு முன்னாலேயே வந்து போய்விட்டது, காலண்டரில் சிவப்புப் பேனாவால் அவளே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். அப்படியா, அப்ப கேஸ்தான் என்றான். முப்பது வயதுகூட இருக்காது, மீசை இன்னும் சரியாக ஒட்டவில்லை, அதற்குள் என்னைப் பார்த்து, நீங்கதான் மேடம் டென்ஷனா இருக்கீங்க, பொண்ணு கூலா இருக்கா பாருங்க என்கிறான். கூலாக இருக்கிறாளாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என் மகள் லவீனா, வயது பத்தொன்பது, முதுகு நேர், முழங்கால் இரண்டும் சேர்த்து, கை இரண்டும் மடியில் ஒன்றின்மேல் ஒன்று, முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு. எதிர் வரிசையில் ஒரு கிழவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், எவ்வளவு அடக்கமான பெண் என்கிற மாதிரி. மருந்துக் கடை ஜன்னலுக்கு மேலே சிவப்பு வெளிச்சத்தில் முப்பத்தொன்று. எங்கள் சீட்டில் நாற்பத்தாறு. பதினைந்து பேர் வாங்கி முடித்தால் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போகலாமா. கேஸாகவே இருக்கலாம். நேற்று சாயங்காலம் கொண்டைக்கடலை சாப்பிட்டாள், ஒரு கிண்ணம். கேஸாகத்தான் இருக்கும். ஆனால் கேஸ் வந்த பிள்ளை ராத்திரி பூரா விழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்குமா.

அதை அவள் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடியற்காலை எழுந்து பாத்ரூம் போனால் தரை ஈரம், பிரஷ் தலைகீழாக, பினாயில் வாசனை. வாந்தி எடுத்திருக்கிறாள். எடுத்துவிட்டு, தானே கழுவி, தானே துடைத்து, நைட்டியைத் தானே அலசிக் கொடியில் போட்டுவிட்டு, தலையை வாரிக்கொண்டு, கண்ணை மூடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவ்வளவு கெட்டிக்காரி. வாந்தி எடுத்தியாடி என்றால் எடுத்தேன் மம்மி. ஏன் எழுப்பல என்றால் தலையணையை நேராக்குகிறாள். எப்படி இருக்கு இப்ப. நல்லா இருக்கேன், தேங்க் யூ மம்மி. நெற்றியில் கை வைத்தேன், கொஞ்சம் சூடு. தர்மாமீட்டரில் தொண்ணூற்று ஒன்பது புள்ளி எட்டு. அந்தக் கத்துக்குட்டியிடம் சொன்னேன், அதெல்லாம் காய்ச்சல் இல்ல மேடம் என்றான். இன்னொன்றும் இருக்கிறது, அதை அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பான். அவள் முனகவில்லை. லவீனா எப்போதும் முனகுவாள், வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில், பக்கத்து வீட்டு மிக்ஸி தூரத்தில் ஓடுகிற மாதிரி. சாப்பிடும்போது, படிக்கும்போது, பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற எழுந்தேற்றம் நடந்து கோவிலே நிசப்தமாக இருக்கும்போது. முன் பெஞ்சுக்காரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். பத்து வருஷமாக அவள் தொடையில் கிள்ளிக் கிள்ளி அதை நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. நேற்று ராத்திரி எட்டு மணிக்குத் தானாக நின்றுவிட்டது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அந்த அமைதியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்திரண்டு. இந்த மருந்துக் கடைக்காரி ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் கத்தரியால் வெட்டி, உறையில் போட்டு, உறைமேல் சூரியன் படம் வரைந்து, காலை ஒன்று என்று எழுதி, எழுதினதைத் திரும்ப வாசித்து, ஆண்டவரே, இவள் முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். லவீனா, தண்ணி வேணுமாடி. நோ, தேங்க் யூ மம்மி. அந்த தேங்க் யூ. எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்பதற்கு ஒன்றும் இல்லை, நான்தான். ஆறு வயதில் அந்தச் சைக்காலஜிஸ்ட் அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆட்டிசம்தான், ஆனா மைல்டு, ஹை ஃபங்ஷனிங் என்றாள். முதல் வார்த்தை காதில் விழவே இல்லை. மைல்டு. ஹை. காபி மாதிரி. வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன், என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் என்னடி ஜெசி என்று பதறினார், சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள். அந்த ஹையைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். என் நாத்தனார் ரீட்டா மட்டும், ஹைன்னா ஜாஸ்தின்னுதான அண்ணி அர்த்தம், பி.பி. மாதிரி என்றாள். அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன், ஆறு மாசம் பேசாமலும் இருந்தேன். ஹை என்றால் மேலே. ஹை என்றால் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும், அந்தப் பக்கம் போய்விடுவாள், மற்ற பிள்ளைகள் பக்கம். தள்ளினேன். தினமும் நாலு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மாரி பிஸ்கெட்டை நாலாக உடைத்து வைத்துக்கொண்டு, எப்படி இருக்க லவீனா. அவள் ஜன்னலைப் பார்ப்பாள். என் மூக்கைப் பாரு, மூக்கைப் பாத்தா கண்ணப் பாக்கிற மாதிரிதான் இருக்கும், எப்படி இருக்க லவீனா. எப்படி இருக்க லவீனா, என்று திருப்பிச் சொல்வாள். இல்லை, நல்லா இருக்கேன் தேங்க் யூ. சிரி. பல்லு தெரியாம. ஒரு கால் பிஸ்கெட். நாலு வருஷம். எத்தனை பாக்கெட் மாரி பிஸ்கெட். இரண்டாம் வருஷம் ஒரு நாள் அவள் காலில் கண்ணாடி குத்தி ரத்தம், மேஜைக்குக் கீழே சொட்டுகிறது, எனக்குத் தெரியாது, எப்படி இருக்க என்றேன், நல்லா இருக்கேன் தேங்க் யூ மம்மி என்று சிரித்தாள், பல் தெரியாமல். அன்றைக்கு நான் என்ன செய்தேன். கால் பிஸ்கெட் கொடுத்தேன். ரத்தத்தை அப்புறம்தான் பார்த்தேன். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். அது சின்னக் கண்ணாடி.

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நான் என்ன கெட்டா போய்விட்டேன். சிஸ்டர் எமரன்ஷியா வகுப்புக்குள் நுழைந்தவுடன் நாற்பது தொண்டை ஒரே குரலில், வீ ஆர் ஃபைன், தேங்க் யூ சிஸ்டர். காய்ச்சலோடு போனாலும் ஃபைன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஜெசிந்தா, முதுகை நிமிர்த்து, வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு என்பாள். ஒப்புக்கொடுத்தோம். எட்டாம் வகுப்பில் பிலோமின் ஒப்புக்கொடுத்துக்கொண்டே மயங்கி விழுந்தாள், மஞ்சள் காமாலை, ஒரு மாசம் படுக்கை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு நடத்தையில் எப்போதும் வெரி குட். முப்பத்தாறு. எப்போது முப்பத்தாறு ஆனது. நடுவில் மூன்று எண்ணை நான் பார்க்கவே இல்லை. லவீனா அசையாமல் இருக்கிறாள். உதட்டோரம் கொஞ்சம் வெளுப்பா, இல்லை இந்த ட்யூப்லைட்டா. வெளுத்த மாதிரி தெரிகிறது, அப்புறம் தெரியவில்லை. லவீனா, வயிறு வலிக்குதா. நல்லா இருக்கேன் மம்மி. வலிக்குதா இல்லையா, அத சொல்லு. நல்லா இருக்கேன், தேங்க் யூ. எதிர்க் கிழவர் என்னை முறைக்கிறார், அந்தப் பிள்ளைதான் நல்லா இருக்கேன்னு சொல்லுதே, ஏம்மா நோண்டுற என்கிற முறைப்பு. போய்யா.

அந்தத் தாரிணி. இப்போது எதற்கு அவள். ஆனால் வந்துவிட்டாள், போன மாசம் பள்ளிக்கூட ஹாலில் வந்த மாதிரி, காதுமேல் பெரிய ஹெட்போன், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற பட்டை, உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு. எங்கள் பெற்றோர் கூட்டம், மாசத்தில் மூன்றாவது சனிக்கிழமை. அதில் ஒரு வழக்கம், யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஒவ்வொருத்தியும் எழுந்து பெயர் சொல்ல வேண்டும், பிள்ளை பெயர் சொல்ல வேண்டும், அப்புறம் அது. நான் ஜெசிந்தா, லவீனாவோட அம்மா, ஹை ஃபங்ஷனிங். எம்.ஏ., பி.எட். என்று போடுகிற மாதிரி. சொல்லிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காருவோம். லோ என்று சொல்கிறவர்கள் கதவுப் பக்கம், பிள்ளை ஓடினால் பிடிக்க வசதி என்று சொல்லிக்கொள்வது, ஆனால் ஃபேன் இந்தப் பக்கம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு இந்தப் பெண்ணை யாரோ கோயம்புத்தூரிலிருந்து பேசக் கூப்பிட்டிருந்தார்கள், இருபத்தாறு வயது, அவளுக்கே ஆட்டிசம், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எழுந்து நின்று யார் முகத்தையும் பார்க்காமல், ஹை, லோன்னு சொல்றத விடுங்க ஆன்ட்டி என்றாள். ஹைன்னு சொன்னா அவளுக்கு என்ன கஷ்டம்னு யாரும் கேக்க மாட்டாங்க. லோன்னு சொன்னா அவனுக்கு என்ன வேணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. அது எங்களுக்கு வச்ச பேரு இல்ல, பாக்குறவங்க வசதிக்கு வச்ச பேரு. வசதி என்று சொன்னாள் பாருங்கள், எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. வசதியா, வசதின்னா என்னன்னு தெரியுமா பாப்பா உனக்கு, நீ சம்பாதிக்கிற, தனியா பஸ் ஏறி வந்திருக்க, மைக் புடிச்சுப் பேசுற, உனக்குப் பேரு வேணாம், சரி, எங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு, அதையும் புடுங்க வந்தியா என்றேன். கை தட்டினார்கள், ஃபேன் பக்கம் மட்டும். அவள் ஹெட்போனை இறக்கிவிட்டு, நானும் நல்லாத்தான் பேசுவேன் ஆன்ட்டி, காலேஜ்ல மூணு மாசம் சாப்பிடாம இருந்தேன், எல்லார்கிட்டயும் நல்லாப் பேசிட்டுத்தான் இருந்தேன், யாருக்கும் தெரியல என்றாள். ஒரு ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், பஸ் டைம் சொல்கிற மாதிரி. அதற்கு நான், மூணு மாசம் உங்கம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். அவள் என் மூக்கைப் பார்த்தாள். கண்ணை அல்ல. மூக்கை.

கதவுப் பக்கத்திலிருந்து முபினாவும் எழுந்து சத்தம் போட்டாள் அன்றைக்கு, ஆனால் எனக்காக இல்லை. முபினாவின் மகன் அஷ்ரப், பதினாறு வயது, ஒரு வார்த்தை வராது. லோன்னு எழுதினாத்தான்மா எம்புள்ளைக்குப் பஸ் பாசு, கூட வர எனக்கும் சேத்து, அந்தப் பேர எடுத்துட்டு என்ன எழுதுவ என்று தாரிணியைக் கேட்டாள். என்னென்ன உதவி வேணுமோ அதை முழுசா எழுதுங்க, நாலு பக்கம் ஆனாலும் பரவால்ல என்றது அந்தப் பெண். நாலு பக்கத்த யாரு படிப்பா, உங்க தாத்தாவா என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள், முபினா சிரிக்கவில்லை. டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, அக்கா, நீங்க ஹைன்னு சொல்லி உக்காரும்போது எங்க பக்கம் ஒரு பார்வை பாப்பீங்க, உங்களுக்கே தெரியாது என்றாள். எனக்கா தெரியாது. நன்றாகத் தெரியும். இடறி விழுகிறவன் பக்கத்துக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நான் அவர்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன் இத்தனை வருஷம், அங்கே நான் இல்லை, அங்கே நான் இல்லை என்று. முப்பத்தொன்பது. இங்கேயும் அதைத்தானே செய்தேன். காலையில் கவுன்டரில் பாரம் கொடுத்தபோது, வேறு நோய் ஏதேனும் என்ற இடத்தில், சிஸ்டர் எமரன்ஷியா கற்றுக்கொடுத்த சாய்ந்த எழுத்தில், ஆட்டிசம், அடைப்புக்குறி, ஹை ஃபங்ஷனிங். யார் கேட்டார்கள். அந்தப் பயல் அதைப் படித்தான், ஓ ஹை ஃபங்ஷனிங்கா, குட் என்றான், என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பி, ஹவ் ஆர் யூ என்றான். அவ்வளவுதான், முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுடிதாருக்கு மேலே இரண்டு விரல் வைத்து, வலிக்குதா. நோ, தேங்க் யூ டாக்டர். பல் தெரியாத சிரிப்பு. நாலு வருஷ வேலை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

போன் அடித்தது, பெலிக்ஸ், ஒர்க் ஷாப் சத்தத்துக்கு நடுவில். என்ன சொன்னாரு. கேஸ்னாரு. அப்புறம் என்ன, டாக்டரே சொல்லிட்டாருல்ல, வாங்கிட்டு வீட்டுக்குப் போ. எனக்கு என்னமோ சரியாப் படலைங்க. அவ என்ன சொல்றா. நல்லா இருக்கேங்கிறா. அவளே சொல்றா, டாக்டர் சொல்றாரு, நீ மட்டும் ஏன்டி ஜெசி. ஆமாம், நான் மட்டும் ஏன். வைத்துவிட்டேன். முனகல் நின்னுபோச்சுங்க என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் நல்லதுதானே என்பார், அவர்மேல் தப்பில்லை, முனகல் நல்லதில்லை என்று அந்த வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது யார். நாற்பது. அஷ்ரப்புக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிட்னியில் கல், இதே ஆஸ்பத்திரி, வந்த அரை மணியில் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள் என்று முபினா சொல்லியிருக்கிறாள். எப்படிக் கண்டுபிடித்தாள். ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. போன மாசத்திலிருந்து நான் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்தால் என்ன, போன் செய்யக் கூடாதா. விரல் தானாக அவள் பெயரில் போய் நின்றது. எடுத்தவுடன் சொல்லுங்கக்கா என்றாள், கோபமே இல்லாமல், அதுவே எரிச்சலாக இருந்தது. முபினா, அஷ்ரப்புக்குக் கல்லு வலின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது. எப்படியா, கால் விரல வச்சுத்தான்க்கா, வலின்னா பத்து விரலையும் உள்ள மடக்கிக்குவான், பிரிக்கவே முடியாது, ஏன்க்கா, யாருக்கு. லவீனாவுக்கு, நல்லா இருக்கேங்கிறா, டாக்டரும் கேஸ்னு அனுப்பிட்டான். அக்கா, மூஞ்சியப் பாக்காதீங்க, எம்புள்ள மூஞ்சில எப்பவும் ஒண்ணும் இருக்காது, உங்க பொண்ணு மூஞ்சில எப்பவும் சிரிப்பு இருக்கும், ரெண்டுலயும் ஒண்ணும் தெரியாது. சரி, வைக்கட்டுமா என்றேன். இருங்கக்கா, ஸ்கேனு சீக்கிரம் எடுத்தாங்கதான், ஆனா கையக் கட்டிட்டாங்க, பேண்டேஜ் துணியில, கட்டில்ல, எதுக்குன்னு கேட்டா அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மாங்கிறாங்க, நாலு நாளு அவன் காது பக்கமே நின்னு அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பேசினாங்க, அவன் கண்ணுல தண்ணி வந்துச்சுக்கா, கூடவே இருங்க என்றாள். வைத்துவிட்டேன். தேங்க் யூ சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவள்.

காலைப் பார்த்தேன். ஷூ. கறுப்பு ஷூ, பக்கிள் வைத்தது, பாலிஷ் போட்டது. செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போனால் என் மகள் இல்லை, அதுவும் என் சட்டம்தான். ஷூவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். நாற்பத்திரண்டு. கழற்றிப் பார்க்கலாம். இத்தனை பேர் நடுவிலா. மடங்கியிருந்தால் என்ன செய்வேன். மறுபடி உள்ளே போய் அவனிடம் என்ன சொல்வேன், டாக்டர், இவ சொல்றத நம்பாதீங்க. சொல்லலாம். சொன்னால் நம்பாமல்தான் இருப்பான், இன்றைக்கு மட்டும் இல்லை, பாரத்தில் வேறு ஏதோ எழுதுவான், நர்ஸ் வருவாள், பேசுற மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணும் புரியாது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வாள், அப்புறம் ஊசி போடும்போது கையை இழுத்தால் பேண்டேஜ் துணி. காலேஜில் இரண்டாம் வருஷம் பி.காம்., கணக்குப் பாடத்தில் தொண்ணூற்று நாலு, அவள் காது பக்கம் நின்று அவளுக்கு ஒண்ணும் தெரியாது என்பார்கள். அவள் வார்த்தையை நானே என் கையால் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். கொடுக்காவிட்டால் அந்த வார்த்தையே அவளைக் கொன்றுவிடும். இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு பள்ளம், நடுவில் அந்தக் கோயம்புத்தூர்க்காரி ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, அவள் சொன்னது சரியாக இருப்பதாலேயே இன்னும் பிடிக்கவில்லை. நாலு பக்கம் எழுதுங்க ஆன்ட்டி. எழுதுகிறேன்டி, எங்கே எழுத. நாற்பத்து மூன்று. கேஸாக இருந்தால் இதெல்லாம் வீண். கேஸாக இருக்கட்டும், மாதாவே, கொண்டைக்கடலையாக இருக்கட்டும்.

தரையில் உட்கார்ந்தேன். காட்டன் புடவை, இஸ்திரி போட்டது, ஆஸ்பத்திரித் தரை. எதிர்க் கிழவர் காலை இழுத்துக்கொண்டார். லவீனா, ஷூவக் கழட்டறேன். ஷூ வெளியில் கழட்டக் கூடாது மம்மி. தெரியும், நான்தான் சொன்னேன், இன்னைக்குக் கழட்டலாம். பக்கிள் இறுகியிருந்தது, நகம் பெயர்ந்தது. ஷூ வரமாட்டேன் என்றது, உள்ளேயிருந்து ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. இழுத்தேன். சாக்ஸை உருவினேன். ஐந்து விரலும் பாதத்துக்குள் மடங்கி, கணுவெல்லாம் வெள்ளை வெளேரென்று, மடங்கின இடத்தில் நகம் பதிந்து பிறை பிறையாகச் சிவப்பு. அடுத்த காலும் அப்படியே. என் கட்டைவிரலை உள்ளே விட்டுப் பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை, கல் மாதிரி. எவ்வளவு நேரமாக. ராத்திரியிலிருந்தா. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன், சின்னச் சிரிப்பு, என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போறோமா மம்மி என்றாள். இல்லடி என்றேன். மேலே நாற்பத்தைந்து விழுந்தது. சீட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, ஒரு கையில் ஷூ, ஒரு கையில் அவள். எழுந்து நிற்கும்போது கொஞ்சமாக வலது பக்கம் மடங்கினாள், அப்புறம் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். நிமிர்த்தாத என்றேன். குனிஞ்சே நட. அவளுக்குப் புரியவில்லை, பாவம், எந்தச் சட்டத்தை எப்போது மாற்றினேன் என்று.

டாக்டர் ரூம் வாசலில் டோக்கன் கூப்பிடுகிறவள் கையை நீட்டி, அம்மா, பாத்தாச்சுல்ல நீங்க, மறுபடி டோக்கன் போடணும் என்றாள். போடும்மா, நூறு டோக்கன் போடு என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். உள்ளே ஒருத்தர் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் வெளில இருங்க சார் என்றேன், போய்விட்டார், என் குரலுக்கு அந்த ஒரு உபயோகம் உண்டு. டாக்டர் பெருமூச்சு விட்டான். மேடம், பொண்ணே நல்லா இருக்கேன்னு சொல்றா. அவ சொல்லுவா டாக்டர், செத்துட்டிருந்தாலும் சொல்லுவா. எதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம், பேசுவாளா, பேச மாட்டாளா, ஹை ஃபங்ஷனிங்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. ஆமாம், நான்தான் எழுதினேன். அவன் மேஜைமேல் அந்தப் பாரம் இருந்தது, என் சாய்ந்த எழுத்து. எழுதினது தப்பு என்றேன். அப்ப லோவா. அதுவும் தப்பு. அவன் பேனாவைக் கீழே வைத்தான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினேன். பேசுவா. அவகிட்டயே பேசுங்க, எங்கிட்ட இல்ல. எங்க தொடப் போறீங்க, எதுக்குன்னு அவகிட்டச் சொல்லிட்டுத் தொடுங்க, புரியும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவ சொல்றது அவ பதில் இல்ல, எப்படி இருக்கன்னு கேட்டா வர்றது நான் சொல்லிக்குடுத்தது, பிஸ்கெட் குடுத்துச் சொல்லிக்குடுத்தது, அத மட்டும் கேக்காதீங்க. படுக்க வச்சு அமுக்கிப் பாருங்க. கேஸ்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன், எழுதிக் குடுன்னாலும் குடுக்கறேன்.

அவன் என்ன நினைத்தானோ, என் கையிலிருந்த ஷூவைப் பார்த்தான், லவீனாவின் வெறுங்காலைப் பார்த்தான். எழுந்தான். லவீனா, இங்க படுத்துக்கோம்மா, வயித்துல வலது பக்கம் கை வச்சு அமுக்கிட்டு எடுப்பேன், சரியா. சரி, தேங்க் யூ டாக்டர். படுத்தாள், வலது முழங்கால் தானாக மடங்கி மேலே வந்தது. நான் தலைமாட்டில் நின்று நெற்றியில் கை வைத்துக்கொண்டேன், கூடவே இருங்க என்று ஒருத்தி சொன்னாளே. அவன் அமுக்கினான், முகத்தைப் பார்த்துக்கொண்டு. முகம் சிரித்தது. அவன் கை இளகுவதைப் பார்த்தேன், இதோ ஒன்றும் இல்லை என்று சொல்லப் போகிறான். மூஞ்சியப் பாக்காதீங்க டாக்டர், அது நான் செஞ்சது, காலப் பாருங்க என்றேன். காலைப் பார்த்தபடி மறுபடி அமுக்கினான், ஆழமாக, சட்டென்று கையை எடுத்தான். மடங்கியிருந்த பத்து விரலும் இன்னும் உள்ளே போயின, குதிகால் மெத்தையைத் தேய்த்துக்கொண்டு மேலே ஏறியது. அவன் முகம் மாறியது, அந்த ஒட்டாத மீசைக்குக் கீழே வாய் வயதானவன் வாய் மாதிரி ஆனது. இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ள அவன் கை போனபோது லவீனா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள், தூக்கினாள், கட்டில் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள், மேஜையில் கரண்டியை வைக்கிற மாதிரி. வேணாம் என்றாள். சிரிப்பு இல்லை. தேங்க் யூ இல்லை. பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக் கூடாது, ப்ளீஸ் சொல்லு என்பது என் தொண்டைவரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். சாரிம்மா, இனி அமுக்கல என்று அவளிடமே சொன்னான் அவன். சொல்லிவிட்டுப் போனை எடுத்து, ஸ்கேன் ரூமா, ஒரு அப்பெண்டிக்ஸ் வருது, இப்பவே, சர்ஜன் சாரையும் கூப்பிடுங்க என்றான். லவீனா கண்ணைத் திருப்பினாள். என் மூக்கை இல்லை, நெற்றிமேல் இருந்த என் கையைப் பார்த்தாள், ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்த கண். வேணாம் மம்மி என்றாள். கையை எடுத்துவிட்டேன்.